வெள்ளைத் தேநீரைச் சுவைக்கப் பழகுதல்: வேலூர்த் தண்ணீரிலிருந்து ஒரு தொடக்கம்

வெள்ளைத் தேநீர்ப் பொட்டலம் ஒன்றை வாங்கிவந்து, வீட்டு வழக்கப்படி பாலில் போட்டு இஞ்சி தட்டிக் கொதிக்கவிட்டால் கிடைப்பது இஞ்சிப் பால்தான். தேநீர் எங்கே போனது என்று தேடவேண்டும். மேலே இரண்டு கரண்டி சர்க்கரையும் விழுந்துவிட்டால் தேடியும் கிடைக்காது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதில் ஒன்றுமே இல்லையே என்று பலர் இதைக் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் நாம் டீக்கடையில் குடித்து வளர்ந்த டீ, பாலையும் சர்க்கரையையும் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. இலையைப் பல்லுள்ள உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, மணிமணியாகச் சுருட்டிய சி.டி.சி. தூள் அது. கொதிநீர் பட்டதும் தன்னிடம் உள்ளதையெல்லாம் கொட்டிவிடும். வெள்ளைத் தேநீரில் இலையை யாரும் நசுக்குவதில்லை, உருட்டுவதில்லை, வறுப்பதும் இல்லை. பறித்த மொட்டையும் இளம் இலையையும் பரப்பி வாடவிடுகிறார்கள், பிறகு உலர்த்துகிறார்கள். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதுவது எளிது. செய்கிறவருக்கு அந்த இரண்டு மூன்று நாள் தூக்கம் கெட்ட வேலை. செடியிலிருந்து கிள்ளிய கொழுந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மூங்கில் தட்டுகளில் மெல்லிதாகப் பரப்பி வைக்க, அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. இலை வாட வாட அதன் செல்கள் தளர்கின்றன. அதுவரை செல்லுக்குள் தனித்தனி அறைகளில் அடைந்திருந்த நொதிகளும், துவர்ப்புத் தரும் பாலிஃபீனால்களும் சந்திக்கின்றன. காற்றின் ஆக்சிஜன் சேர்ந்து, அளவாக ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. கூடவே புரதங்கள் உடைந்து அமினோ அமிலங்கள் பெருகுகின்றன. கோப்பையில் நாம் உணரும் மெல்லிய இனிப்புக்கு இவை ஒரு காரணம். பச்சைப் புல் வாடை தரும் பொருள்கள் ஆவியாகிப் போக, பூ வாசம் தருபவை மேலே வருகின்றன. வாட்டத்தை அவசரப்படுத்தினால் பச்சை வாடை தங்கிவிடும். இழுத்தடித்தால் இலை சிவந்து, கறுப்புத் தேநீர் பக்கமாகச் சாய்ந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் அறைக்குள் வெப்பக் காற்று விட்டு வாட்டுவார்கள். அந்தச் சரக்குக்கும் நல்ல வெயில் கண்ட சரக்குக்கும் உள்ள வேறுபாடு வாசனையிலேயே தெரிந்துவிடும்.

பச்சைத் தேநீர், கறுப்புத் தேநீர், வெள்ளைத் தேநீர் எல்லாம் ஒரே செடிதான், கமேலியா சினென்சிஸ். பறித்த கையோடு சூடு காட்டி நொதிகளை முடக்கினால் பச்சை. நசுக்கி நன்றாக ஆக்சிஜனேற்றம் நடக்க விட்டால் கறுப்பு. இரண்டும் செய்யாமல் வாடவைத்து உலர்த்தினால் வெள்ளை. மொட்டைப் போர்த்தியிருக்கும் வெண்ணிற ரோமத்தால்தான் இந்தப் பெயர். கோப்பையில் தெரியும் நிறம் இளமஞ்சளில் தொடங்கி, பழைய சரக்கில் செம்பழுப்பு வரை போகும்.

எங்கிருந்து வருகிறது

இதன் சொந்த ஊர் சீனாவின் தென்கிழக்கில் கடலோரம் உள்ள ஃபூஜியன் மாகாணம். அதில் ஃபூடிங், ஜெங்ஹே இரண்டும் பெயர் பெற்ற வட்டாரங்கள். ஃபூடிங் கடற்கரைப் பக்கம். ஜெங்ஹே உள்நாட்டு மலைப் பக்கம். இரண்டு ஊரிலும் 'தா பை' என்று முடியும் தனித்தனிச் செடி ரகங்கள் உண்டு. மொட்டு தடித்து, ரோமம் அடர்ந்து வளர்பவை. பொதுவாக ஃபூடிங் சரக்கு மென்மையாகவும் தெளிவாகவும், ஜெங்ஹே சரக்கு சற்றுக் கனமாகவும் நிறம் கூடியும் இருக்கும்.

வகைகளைப் பிரிப்பது பெரும்பாலும் எதைப் பறித்தார்கள் என்பதை வைத்துத்தான். மொட்டு மட்டும் என்றால் சில்வர் நீடில். வசந்த காலத் தொடக்கத்தில், ஏப்ரல் 4 அல்லது 5இல் சீனர்கள் முன்னோரை நினைவுகூரும் சிங்மிங் நாளுக்கு முன்பு பறித்ததற்கு மதிப்பு அதிகம். மொட்டோடு ஓரிரண்டு இலையும் சேர்ந்தால் ஒயிட் பியோனி, சீனப் பெயர் பை முதான். பெரிய இலை, கொஞ்சம் காம்பு என்று வந்தால் ஷோமெய். கோங்மெய் என்று நான்காவது ஒன்றும் உண்டு. அது உள்ளூர்ப் பழஞ்செடிகளின் கொழுந்திலிருந்து செய்வது. நம் ஊர் வரை அது வந்து சேர்வது அரிது என்பதால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

விலையும் இதே வரிசையில்தான் இறங்கும். மொட்டு மட்டும் பறிக்க ஆள்கூலி அதிகம், எடை குறைவு, பருவமும் சில வாரங்களே. அதனால் சில்வர் நீடில் உச்சத்தில். விலை இறங்குவதால் சுவையும் இறங்குகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னைக் கேட்டால், தொடங்குபவர் வாங்கவேண்டியது ஒயிட் பியோனி. மொட்டும் இலையும் இரண்டும் இருப்பதால் வெள்ளைத் தேநீரில் என்னென்ன நடக்கும் என்பதை அது ஒன்றே காட்டிவிடும்.

இனி இந்தியா. டார்ஜிலிங்கில் ஏவி2 போன்ற குளோன் செடிகளின் வசந்தக் கொழுந்திலிருந்து வெள்ளைத் தேநீர் செய்கிறார்கள். பூ வாசம் தூக்கலாக இருக்கும். நமக்குப் பக்கத்து வீடு நீலகிரி. டிசம்பர், ஜனவரியில் அங்கே உறைபனி விழும் நாள்களில் செடி மெதுவாகத்தான் வளரும். அப்போது கிள்ளும் கொழுந்துக்கு நறுமணம் கூடுதல். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அந்தப் பருவத்து மொட்டுகளைச் சில தோட்டங்கள் வெள்ளைத் தேநீராகச் செய்து விற்கின்றன. ஊட்டிக்குப் போகிறவர்கள் வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கும் கையோடு ஐம்பது கிராம் வாங்கிவரலாம். கடையில் கேட்கும்போது எப்போது பறித்தது என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்கவேண்டாம்.

பெயர்க் குழப்பங்கள் இரண்டு. 'ஆன்ஜி பை சா' என்ற சீனத் தேநீரின் பெயரில் வெள்ளை இருந்தாலும் அது செய்முறையில் பச்சைத் தேநீர்; இலையே வெளிறி முளைப்பதால் வந்த பெயர். இரண்டாவது, பழ வாசனை ஊற்றிய டீ பைகளில் 'ஒயிட் டீ' என்று அச்சிட்டிருப்பது. அதில் வெள்ளைத் தேநீர் இருக்கலாம். சுவைக்கப் பழகுவதற்கு மட்டும் அது உதவாது, ஸ்ட்ராபெர்ரி வாசனைக்குப் பின்னால் இலையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் தண்ணீர்

வேறு ஊர்க்காரர் எழுதினால் இதை நான்கு வரியில் முடித்திருப்பார். பழைய வட ஆற்காட்டுக்காரன் முடிக்க முடியாது. பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்பது எப்போதும் ஒரு வழக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையின் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது பற்றி 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, வேலூரின் பெயரைத் தாங்கியே இன்றும் சட்ட மாணவர்களால் படிக்கப்படுகிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. அந்தக் கழிவு எட்டாத தெருக்களிலும் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர்தான். சோப்பு நுரைக்காது, ஹீட்டர் கம்பியில் வெள்ளைப் படிவு ஏறும், பக்கெட்டின் ஓரத்தில் உப்புக் கறை நிற்கும்.

ஒரு கோப்பைத் தேநீரில் நூற்றுக்கு தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். கடினநீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேநீரின் பாலிஃபீனால்களோடு சேர்ந்து, ஆறும்போது மேலே ஒரு மெல்லிய ஏடாகப் படர்கின்றன. காரத்தன்மை கூடிய தண்ணீரில் நிறமும் மங்கிப் பழுப்பாகும், நறுமணம் அமுங்கும். பால் டீயில் இதெல்லாம் தெரியாது; பாலும் சர்க்கரையும் மூடிவிடும். மறைத்துக்கொள்ள எதுவுமில்லாத வெள்ளைத் தேநீரில் எல்லாம் அம்பலம்.

அதற்காக ஆர்.ஓ. தண்ணீரே தீர்வு என்று சொல்லமாட்டேன். தாது உப்புகள் முழுக்க வடிந்துபோன தண்ணீரில் தேநீர் தட்டையாக, உயிரில்லாமல் இருக்கும். ஆர்.ஓ. பழுதுபார்க்க வருபவர் சட்டைப்பையில் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மானியை நீங்களும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம், விலை அதிகமில்லை. அதில் 50க்கும் 150க்கும் நடுவே காட்டும் தண்ணீரில் வெள்ளைத் தேநீர் நன்றாக வரும் என்பது என் நாக்கின் கணக்கு. கரைந்திருப்பது எந்த உப்பு என்பதை மானி சொல்லாது, நாக்குதான் சொல்லும். ஆர்.ஓ. தண்ணீர் ரொம்பக் குறைவாகக் காட்டினால் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வந்தால் அதையும் சோதித்துப் பாருங்கள். குளோரின் வாடை அடித்தால் ஓர் இரவு திறந்த பாத்திரத்தில் வைத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை என்றால், நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்த வெள்ளையைக் கலக்காமல் மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள். கொதிக்கும்போது கடினத்தன்மையின் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் பிரிந்து கீழே இறங்கிவிடும்.

முதல் பாடமாக இதையே வைத்துக்கொள்ளலாம். ஒரே தேநீர், ஒரே எடை, மூன்று டம்ளர். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறத்தைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். குடித்தால் மீதியும் புரியும்.

ஒப்பிட்டுக் குடிப்பது

இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்தும் சங்கதி ஒன்றே ஒன்று: வெள்ளைத் தேநீரைத் தனியாகக் குடித்துப் பழகாதீர்கள். இரண்டைப் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். தனியாக ஒன்றைக் கொடுத்தால் நாக்கு அதை டீக்கடை டீயோடு ஒப்பிட்டு, லேசு என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒருமுறை சில்வர் நீடில் ஊற்றிக் கொடுத்தேன். "இன்னா தம்பி இது, சுடுதண்ணி மாரி கீது" என்றார். பேசாமல் ஷோமெய் ஊற்றிக் கொடுத்தேன். "இது பரவால்ல, டீ மாரி கீது." மறுபடி முதல் டம்ளரைக் கையில் கொடுத்ததும் கொஞ்ச நேரம் மூக்கருகே வைத்திருந்தார். "அட, இதுல இன்னாவோ பூ வாசன கீதுப்பா." இலையோ தண்ணீரோ மாறவில்லை. நடுவில் ஒப்பிட ஒன்று வந்தது, அவ்வளவே.

ஒப்பிடுவதென்றால் மற்றதெல்லாம் சமமாக இருக்கவேண்டும். தேநீர்ச் சுவைஞர்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. 3103 என்ற தரமுறை இருக்கிறது: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேநீர், கொதிநீர், 6 நிமிடம். ருசித்துக் குடிப்பதற்கான முறை அல்ல அது. குறையோ நிறையோ எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் பார்ப்பதற்கான முறை. வீட்டுக்கு அதே விகிதத்தில், 150 மில்லி டம்ளருக்கு 3 கிராம். இதற்கு ஒரு சின்ன மின்தராசு அவசியம். கரண்டியால் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஷோமெய் இலை விரிந்து காற்றடைத்துக் கிடக்கும், ஒரு கரண்டியில் ஒரு கிராம்கூட நிற்காது. நீடில் அதைவிட நெருங்கிப் படுக்கும்.

பாத்திரத்துக்கு டீக்கடைக் கண்ணாடி டம்ளரே போதும், நிறமும் தெரியும். எவர்சில்வர் டபரா செட்டு வேண்டாம்: உதட்டில் சுடும், நிறத்தைக் காட்டாது. சீன முறையில் கைவான் என்ற மூடிபோட்ட கோப்பையில் கூடுதல் இலை போட்டு, அரை நிமிடம் ஒரு நிமிடம் என்று திரும்பத் திரும்ப ஊற்றிக் குடிப்பார்கள். அது அழகான முறைதான். பழகிய பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீரின் சூட்டைப் பற்றித் தேநீர்க்காரர்களிடையே தீராத சண்டை. மொட்டு மென்மையானது, 80 டிகிரிக்கு மேல் போகாதே என்பது ஒரு கட்சி. நசுக்காத இலை தன்னைத் திறக்க மெனக்கெடும், ரோமம் வேறு தண்ணீரைத் தள்ளும், ஆகவே கொதிநீரே ஊற்று என்பது இன்னொரு கட்சி. நான் நடுவில் நிற்கிறேன்: புதிய சில்வர் நீடிலுக்குக் கொதித்து இறக்கிச் சற்று ஆறிய தண்ணீர், 85 முதல் 90 டிகிரி. பியோனிக்கு அதைவிடச் சூடு. ஷோமெய்க்கும் பழைய சரக்குக்கும் கொதிக்கக் கொதிக்க. வெப்பமானி இல்லையென்றால் கொதித்த தண்ணீரை ஒருமுறை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றினால் போதும். ஊட்டியில் இந்தச் சண்டைக்கே இடமில்லை என்பது வேறு கதை. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏலகிரியில் 96 சொச்சம். வேலூர்ச் சமவெளியில் 99க்கு மேல்.

குடிக்கும் நேரமும் முக்கியம். ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து வெள்ளைத் தேநீரைச் சுவைக்க முடியாது. பட்டை, லவங்கத்தின் வாசம் மூக்கை விட்டு இறங்கச் சில மணி நேரம் ஆகும். வெற்றிலை போட்ட வாய், பல் துலக்கிய புதிது, ஊதுவத்தி புகையும் அறை எதுவும் ஆகாது. காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே, பதினொரு மணி வாக்கில் நாக்கு சுத்தமாக இருக்கும்.

முதலில் காய்ந்த இலையைப் பாருங்கள். நல்ல நீடில் முழு மொட்டாக, தடித்து, சாம்பல் கலந்த வெள்ளையில் பட்டுப்போல் இருக்கும். உடைந்த துண்டும் தூளும் மிகுந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு, சூடான டம்ளரில் தண்ணீர் ஊற்றும் முன் இலையை மட்டும் போட்டு ஒரு குலுக்கு குலுக்கி முகர்ந்து பாருங்கள். காய்ந்த இலை அடக்கி வைத்திருந்த வாசம் அந்தச் சூட்டில் வெளியே வரும். வெந்நீர் ஊற்றி, நேரம் ஆனதும் வடிகட்டி, குடிக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். ரொம்பச் சூட்டில் நாக்கு எதையும் சொல்லாது.

உறிஞ்சிக் குடிக்கவேண்டும், சத்தம் வர. வீட்டில் பெரியவர்கள் திட்டுவார்கள்தான். ஆனால் தேநீரை எடைபோடுவதே தொழிலாகக் கொண்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் குடிக்கிறார்கள். காற்றோடு சேர்ந்து உறிஞ்சும்போது தேநீர் நுண்துளியாக வாய் முழுக்கப் பரவும். விழுங்கியதும் வாயை மூடி, மூக்கு வழியாக மெல்ல மூச்சு விடுங்கள். தொண்டைக்குப் பின்வழியாக வாசம் மூக்குக்கு ஏறும். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த வழியாக வருவதுதான். ஜலதோஷம் பிடித்த நாளில் சாம்பார் சப்பென்று இருப்பது இதனால்தான்.

நாக்கில் கவனிக்கவேண்டியது மூன்று: இனிப்பு, துவர்ப்பு, கனம். இனிப்பு சர்க்கரை இனிப்பாக இருக்காது. துவர்ப்பு கன்னத்தின் உட்பக்கத்தை இழுத்துப் பிடிக்கும். புதிய வெள்ளைத் தேநீரில் அது லேசாக இருந்தால் அழகு, முரட்டுத்தனமாக இருந்தால் தண்ணீர் சூடு அதிகம் அல்லது நேரம் அதிகம். கனம் என்பது தேநீர் வாயில் தண்ணீராக ஓடுகிறதா, கஞ்சித் தெளிவின் வழவழப்போடு தங்குகிறதா என்பது. விழுங்கி ஒரு நிமிடம் சும்மா இருந்தால், நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்ததும் தொண்டையில் ஊறுமே, அப்படி ஓர் இனிப்பு பின்னால் வரும். நல்ல வெள்ளைத் தேநீரில் அது நின்று வரும். மட்டமானதில் வரவே வராது. விலையையும் பெட்டி அலங்காரத்தையும் நம்புவதைவிட இதை நம்பலாம்.

எதில் என்ன தேடுவது

பெட்டியில் ஹனிடியூ, பியோனி மலர், ஏப்ரிகாட் என்றெல்லாம் அச்சிட்டிருக்கும். பியோனிப் பூவை நம்மில் முகர்ந்தவர் யார்? அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த வாசனைகளிலிருந்து தேடுங்கள். புது சில்வர் நீடிலில் எனக்குக் கிடைப்பது முலாம்பழத்தின் தோலோரச் சதை, நுங்கு நீர், கூடவே அறுவடை முடிந்த வயலின் புது வைக்கோல். கடைசியாகப் பாசிப்பருப்பு வேகும் ஆவி கொஞ்சம். உங்களுக்கு வேறு ஏதாவது வரலாம், அதில் சரி தவறு இல்லை. எழுதி மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் மறந்துவிடும்.

ஒயிட் பியோனியில் இலை சேர்வதால் வாசம் முந்திக்கொண்டு வரும். பூ வாசம், வெள்ளரிப்பழம், அடியில் சற்றே பச்சை. துவர்ப்பும் நீடிலைவிடக் கூடுதல். இலையை வடிகட்டியபின் தட்டில் கொட்டி விரித்துப் பாருங்கள்: ஒரு மொட்டும் இரண்டு இலையும் ஒரே காம்பில் இணைந்திருப்பது தெரிந்தால் கையால் பறித்த, கவனமாகக் கையாண்ட சரக்கு. இலையின் ஓரங்களில் செம்மை ஓடியிருப்பது குறை இல்லை, வாட்டத்தின்போது நடந்த ஆக்சிஜனேற்றத்தின் தடம் அது.

ஷோமெய் பார்க்க அழகில்லை. சருகுக் குப்பை என்று வீட்டில் யாராவது கூட்டித் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. கோப்பையிலோ தேன், உலர்ந்த பழம், மழைக்கு முந்தைய காட்டுச் சருகு என்று நிறைந்து வரும். டீக்கடை டீயிலிருந்து வருகிறவருக்கு மூன்றில் இதுதான் எளிதில் பிடிபடும். ஹாங்காங் உணவகங்களில் பலகாரத்தோடு சாதாரணமாக ஊற்றித் தரும் தேநீர்களில் இதுவும் ஒன்று. ஆகவே வடை, பஜ்ஜியோடு குடித்தாலும் குடிமுழுகிப் போகாது.

நீலகிரி மொட்டுகளை ஃபூடிங் நீடிலின் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். நீலகிரிச் செடிகளில் அசாம் ரகக் கலப்பு அதிகம், மண்ணும் உயரமும் வேறு. வாசம் கூர்மையாக, எலுமிச்சைப் பூ பக்கமாகப் போகும். ஃபூடிங்கின் வைக்கோலும் பருப்பும் அதில் குறைவு. எது மேல் என்று கேட்டால், வாசத்துக்கு நீலகிரி, வாயில் நிற்கும் கனத்துக்கு ஃபூடிங் என்பேன். சீனாவின் யுன்னான் மாகாணத்திலிருந்து வரும் மூன்லைட் ஒயிட் கிடைத்தால் அதையும் இந்த வரிசையில் வையுங்கள். ஒருபக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளியாக இருக்கும் பெரிய இலை, இனிப்பு தூக்கல்.

வெள்ளைத் தேநீரைப் பத்திரமாக வைத்திருந்தால் கெடுவதில்லை, மாறுகிறது. ஓராண்டில் தேநீர், மூன்றாண்டில் மருந்து, ஏழாண்டில் புதையல் என்று ஃபூடிங்கில் ஒரு சொலவடை உண்டு. விற்பவர்களுக்கு மிகவும் வசதியான சொலவடை. ஆனால் சுவையின் மாற்றம் உண்மை. பூ வாசம் பின்வாங்கி, பேரீச்சையும், லாங் பஜாரில் நாட்டு மருந்துக் கடை வாசலைக் கடக்கும்போது அடிக்கும் அந்தக் கலவை வாசமும் வரும். நிறம் தேன் நிறத்தைத் தாண்டிப் போகும். இப்படி வயதாக்குவதற்குப் பெரும்பாலும் ஷோமெய்யையும் பியோனியையும் வட்டத் தட்டுகளாக அழுத்தி வைப்பார்கள். பழைய ஷோமெய்யை நம் வழக்கப்படி அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடலாம் என்பது ஒரு நிம்மதி. அரை லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம், சிறு தீயில் பத்து நிமிடம். பாலும் இஞ்சியும் இதிலும் வேண்டாம்.

உடம்புக்கு என்ன நன்மை என்று கேட்பீர்கள். எடை குறையும், தோல் மினுங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நான் கண்டுகொள்வதில்லை. நாடு முழுவதும் இருந்து வைத்தியத்துக்கு ரயிலேறி வரும் ஊரில் இருந்துகொண்டு தேநீரில் மருந்து தேடுவானேன்? தெரிந்துகொள்ளவேண்டியது இரண்டு. வெள்ளைத் தேநீரில் காஃபின் குறைவு என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் தேயிலைச் செடியில் காஃபின் செறிந்திருப்பது மொட்டிலும் இளம் இலையிலும்தான். தூக்கம் கெடும் உடம்பு என்றால் மாலைக்கு மேல் வேண்டாம். மற்றொன்று, எந்தத் தேநீரின் பாலிஃபீனால்களும் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் இடைவெளி விடுவது நல்லது.

சேமிப்பதில் எதிரிகள் வெளிச்சம், ஈரம், அந்நிய வாசம். நம் கோடை வெயில் வெளியில்தான் காயும், பீரோவுக்குள் வைத்த தகர டப்பாவை ஒன்றும் செய்யாது. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில்தான் மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். அஞ்சறைப் பெட்டி, கற்பூரம், ஃபினாயில் மூன்றின் பக்கத்திலும் வைக்காதீர்கள். தேயிலை எல்லா வாசத்தையும் குடித்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து எடுத்துத் திறந்தால் டப்பாவுக்குள் வியர்க்கும்.

கத்திரி வெயிலில் சுடச்சுடத் தேநீர் யாருக்கும் இறங்காது. அந்த மாதங்களுக்குப் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கும் முறை இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு எட்டு அல்லது பத்து கிராம் பியோனி, கண்ணாடி பாட்டிலில் மூடி, இரவில் குளிர்சாதனப் பெட்டியில். சூடு இல்லாததால் துவர்ப்பும் காஃபினும் குறைவாகவே இறங்கும், இனிப்பு முன்னால் நிற்கும். மண்பானைத் தண்ணீரில் செய்தால் மண்வாசம் மேலோங்கி இலையை அமுக்கிவிடும். பானைத் தண்ணீரைத் தனியாகவே குடிக்கலாம். இலை கொதிநீரைக் காணாத முறை இது என்பதால், தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக, கொதிக்கவைத்து ஆறியதாகவோ கேன் தண்ணீராகவோ இருக்கவேண்டும். காலையில் வடிகட்டி, அன்றைக்கே குடித்து முடித்துவிடுங்கள்.